எண்பத்தாறுக்குப் பிறகு ஒரு தட்டு

இந்தக் காலத்து ஜனங்களுக்கு ஒரு பொருள் ஒரு இடத்தில் இருந்தால் போதவில்லை. ரேஷன் கார்டுக்கு ஒரு ஜெராக்ஸ். அந்த ஜெராக்ஸ் கிழிந்துவிட்டால் என்ன செய்வது என்று இன்னொரு ஜெராக்ஸ். தருமபுரி பஸ் ஸ்டாண்டைச் சுற்றி டீக்கடைக்குச் சமமாக ஜெராக்ஸ் கடைகள் வந்துவிட்டன. போன மாதம் ஒரு வேலையாக ஒரு ஆபீசுக்குப் போனேன். மூணு காப்பி கொண்டு வா என்றான் அங்கே இருந்த கிளார்க். நான் ஒரு ஆள்தானே வந்திருக்கிறேன் என்றேன். முறைத்தான். ஆள் எதிரில் நின்றாலும் காகிதத்தைத்தான் பார்க்கிறான்கள். காகிதத்தில் இருந்தால் நீ இருக்கிறாய். இல்லாவிட்டால் இல்லை.

நான் கிணறு வெட்டிப் பிழைத்தவன். மூணாம் வகுப்போடு சரி. பேய், கம்ப்யூட்டர், மேனேஜர், இந்த மூன்றையும் நம்புவதில்லை. இது நூர் பாஷா சொல்லிக் கேட்டது. கேட்டதைக் கேட்டபடி எழுதுகிறேன். நம்புவது உங்கள் பாடு.

அதியமான்கோட்டையில் ரோட்டோரம் நூர் பாஷாவுக்குப் பஞ்சர் கடை. அன்றைக்குச் சாயங்காலமே கரண்டு போய்விட்டது. தூறல் நிற்கவில்லை. ஒரு அரிக்கேன் விளக்கைச் சுற்றி அஞ்சாறு பேர் ஒண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். லாரி ஓட்டுகிற அல்போன்ஸ் டயர் தயாராவதற்காகக் காத்திருந்தான். மூலையில் முனாப் உப்புத்தாளை வைத்து டியூபைத் தேய்த்துக்கொண்டிருந்தான். முனாப், நூர் பாஷாவின் தங்கச்சி புருஷன். முன்னால் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவன்.

"படிச்ச ஆள இப்பிடி டியூப் தேய்க்க வுட்டுட்டியே பாஷா," என்றான் அல்போன்ஸ். "கம்ப்யூட்டரு புளிச்சுப் போச்சா மாப்ள?"

முனாப் நிமிரவில்லை.

"அவன வுடு," என்றான் நூர் பாஷா. "அவனுக்கு ஆனது உனக்கு ஆயிருந்தா நீ ராத்திரில லாரியே ஏறமாட்ட."

"அப்பிடி என்ன ஆச்சு?"

நூர் பாஷா விளக்குத் திரியைக் கொஞ்சம் இறக்கினான்.

"மணி பத்து. இண்டூர் ரோடு. முன்னால வண்டி இல்ல, பின்னால வண்டி இல்ல. இவன் ஒத்த ஆளா மொபெட்ல போயிட்டு இருக்கான். சட்டையெல்லாம் கல்லுத் தூள் வாசன..."

"நடுவுல இருந்து ஆரம்பிக்காத," என்றேன். "எதுக்குப் போனான்? அத மொதல்ல சொல்லு."

"சென்னப்பண்ணா, நீ கத கேக்க வந்தியா, கோர்ட்டுல குறுக்கு விசாரண பண்ண வந்தியா?" என்றான். ஆனாலும் முதலில் இருந்தே சொன்னான்.

நடந்தது போன வருஷம், எண்பத்தெட்டு ஐப்பசியில். இண்டூருக்கு அந்தப் பக்கம் ஒரு கறுப்புக் கல் குவாரி. பெயர் வேண்டாம். ஆபீஸ் தருமபுரியில். முதலாளி பெங்களூரில் எங்கேயோ பார்த்துவிட்டு வந்து ரெண்டு கம்ப்யூட்டர் வாங்கினார். ஒன்று தருமபுரி ஆபீஸில். இன்னொன்று இண்டூரில், குடோனை ஒட்டி ஒரு ஒற்றை அறையில். இங்கே இருப்பதற்கு ஏதாவது ஆகிவிட்டாலும் அதே விவரம் அங்கே பத்திரமாக இருக்க வேண்டுமாம். ரெண்டையும் இணைத்தவன் முனாப்தான். ஒவ்வொரு பக்கமும் டெலிபோனுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் ஒரு சின்னப் பெட்டி. பகலில் லைன் கிடைக்காது. அதனால் ராத்திரி எட்டரைக்கு மேல் இங்கிருந்து போன் போடுவான். அங்கே இருக்கிற பெட்டி தானாகவே எடுக்கும். ரெண்டு பெட்டியும் கீச்சென்று கத்திக்கொள்ளும். ஓயும். அவ்வளவுதான். அன்றைக்கு இங்கே எழுதியதெல்லாம் அங்கேயும் எழுதியாகிவிடும். இங்கே அழித்தது அங்கேயும் அழிந்துவிடும்.

"இது ஆபத்தால்ல இருக்குது," என்றான் அல்போன்ஸ். "எம் பொண்டாட்டி இங்க திட்டுனா எம் மாமியா வூட்லயும் கேக்குமா?"

"அங்க கேக்காமயா இருக்குது இப்ப," என்றான் நூர் பாஷா.

ரெண்டு பேர் சிரித்தார்கள். முனாப் சிரிக்கவில்லை.

லைன் சரியில்லாத லைன். மழை பெய்தால் எழுத்துகள் வழியில் சிதைந்துபோகும். அதனால் அனுப்பி முடித்ததும் சரிபார்க்க வேண்டும். முக்கியமானது குவாரி ஆட்களின் பட்டியல். நூற்று நாற்பத்து மூன்று பேர். ஒவ்வொரு பேருக்கு எதிரிலும் அந்தந்த நாள் வேலைக்கு வந்தானா இல்லையா என்று ஒரு குறி. இண்டூர் அறையில் சவுரியப்பன் என்று ஒரு வயதானவர் இருப்பார். வந்து சேர்ந்த பட்டியல் அங்கே ஓரத்தில் துளை போட்ட காகிதத்தில் அச்சாகும். பெட்டிகள் ஓய்ந்ததும் அவர் ரிசீவரைக் கையில் எடுப்பார். முனாப் இங்கிருந்து ஒவ்வொரு பெயராகப் படிப்பான். சவுரியப்பனுக்கு நெஞ்சில் சளி. நூற்று நாற்பது தடவை சரி, சரி என்று சொல்ல மூச்சு வராது. பென்சிலால் போனில் தட்டிவிடுவார். ஒரு தட்டு என்றால் சரி. ரெண்டு தட்டு என்றால் தப்பு.

பெயர்... டிக். அடுத்த பெயர்... டிக்.

மூணு மாதம் இப்படியே போனது.

ஒரு புதன்கிழமை சாயங்காலம் குவாரியில் பாறை சரிந்தது. ஒரே துண்டு. வீடு உயரம். அப்போது அந்தப் பக்கம் உளி வேலை செய்துகொண்டிருந்தவன் மாது. பட்டியலில் எண்பத்தேழாவது ஆள். காலையில் அவன் வந்ததாகக் குறி போட்டவனே முனாப்தான்.

வியாழக்கிழமை காலை மேனேஜர் முனாபின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"எம்பத்தேழ எடுத்துடு."

"நேத்திக்கு மட்டுமா சார்?"

"பேரையே எடுத்துடு. அவன் நேத்து வேலைக்கு வரல. பெங்களூருக்கு ஓடிட்டான்."

முனாப் எடுத்தான். ஒரு விசை, அவ்வளவுதான். கம்ப்யூட்டர் ஒரு இடைவெளிகூட விடவில்லை. எண்பத்தெட்டாவது ஆள் மேலே ஏறி எண்பத்தேழாகிவிட்டான். நூற்று நாற்பத்திரண்டு பேர்.

மத்தியானம் மாதுவின் மனைவி குள்ளம்மாள் ஆபீஸ் வாசலுக்கு வந்தாள். அழவில்லை. கத்தவில்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"அந்தக் கல்லப் பொரட்டுங்க. எங்க வூட்டுக்காரரு அடியில இருக்கறாரு."

கல்லைப் புரட்டினால் குவாரியை நிறுத்த வேண்டும். ஆள் செத்தது வெளியே தெரியும். மேனேஜர் பட்டியலைக் காட்டினார். விசாரிக்க வந்த போலீஸ்காரர்களும் பட்டியலைத்தான் பார்த்தார்கள். கூட வேலை செய்தவர்கள் வாயைத் திறக்கவில்லை. பட்டியலில் ஆள் இல்லை, எதற்குப் புரட்ட வேண்டும் என்று வந்தவர்கள் போய்விட்டார்கள். குள்ளம்மாள் போகவில்லை. தினம் விடிந்ததும் வந்து ஆபீஸ் ஆஸ்பெஸ்டாஸ் நிழலில் நிற்பாள். முனாப் போகும்போதும் வரும்போதும் அதே கேள்வி.

"நீங்கதான எழுதறவரு? புதன்கெழம அவரு வந்தாருன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. அவங்க பொரட்டிருவாங்க."

"பேரு இல்லம்மா."

நான் முனாப் பக்கம் திரும்பினேன். "பொய்தான சொன்ன?"

"பொய் இல்லீங்க பெரியவரே," என்றான். டியூபைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "பேரு இல்லதான்."

"அவனுக்கு அப்ப வூட்ல எந் தங்கச்சி ஹாஜிராவுக்கு ஏழு மாசம்," என்றான் நூர் பாஷா. "வேல போனா எங்க போவான்."

அந்த வியாழக்கிழமை ராத்திரி வழக்கம்போல முனாப் அனுப்பினான். பெட்டிகள் கத்தி ஓய்ந்தன. படிக்க ஆரம்பித்தான். எண்பத்து நாலு... டிக். எண்பத்தஞ்சு... டிக். எண்பத்தாறு... டிக்.

மூச்சை இழுத்து எண்பத்தேழைப் படிக்க வாயைத் திறந்தான். அதற்குள் ஒரு தட்டு.

ணங்.

பென்சில் சத்தம் இல்லை. இரும்பு. கல்லில் இரும்பு படுகிற சத்தம். அதுவும் பக்கத்தில் இல்லை... எங்கேயோ உள்ளே.

பெரியவர் அவசரப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டு மேலே படித்தான். டிக். டிக். கடைசிவரை டிக்.

வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். எண்பத்தாறுக்குப் பிறகு, எண்பத்தேழுக்கு முன்னால். ணங்.

சனிக்கிழமை காலை சவுரியப்பன் பேப்பர் கட்டு வாங்க தருமபுரிக்கு வந்தார். முனாப் கேட்டான்.

"என்னண்ணே, நடுவுல ஒண்ணு சேத்துத் தட்டறீங்க?"

சவுரியப்பன் அவனையே பார்த்தார். "நானா? அது நீ தட்டறதுன்னு நெனச்சேன்."

ரெண்டு பேரும் அதற்கு மேல் பேசவில்லை. சனிக்கிழமை ராத்திரியும் வந்தது. திங்கட்கிழமையும் வந்தது. அந்த இடம் வரும்போது ரெண்டு பேரும் சும்மா இருந்தார்கள். அது தட்டியதும் அடுத்த பெயருக்குப் போனார்கள். வேலை முடிந்தது.

"நிறுத்து," என்றேன். "கல்லுக்குள்ள சத்தம் நடக்கும். நான் அறுபதடி ஆழத்துல கேட்டிருக்கேன். அந்த மாது உசுரோட கெடந்து உளியால தட்டியிருப்பான். அதுக்குப் பேயி எதுக்கு?"

"குவாரி எங்க, டெலிபோன் எங்க?" என்றான் நூர் பாஷா. "கம்பி அந்தப் பக்கமே போகலண்ணா."

அவன் மேலே சொன்னான்.

செவ்வாய்க்கிழமை ராத்திரி. லைன் கிடைக்கவே ஒன்பதாகிவிட்டது. மழை. முனாப் போன் போட்டான். பெட்டி எடுத்தது. கத்தியது. ஓய்ந்தது. முதல் பெயரைப் படித்தான்.

ணங்.

இரண்டாவது பெயர். ணங். மூன்றாவது. ணங். டிக் என்பதே இல்லை. ஒன்று முதல் நூற்று நாற்பத்திரண்டு வரைக்கும் இரும்புதான். அவசரம் இல்லாமல்... ஒரே சீராக... நாள் முழுக்க அதே வேலை செய்து பழகின கை மாதிரி. எண்பத்தாறுக்குப் பிறகு அந்த இன்னொன்றும் வந்தது. முனாப் நடுவில் நிறுத்தவில்லை. ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டதற்கு, படித்துப் பழகிவிட்டது என்றான்.

முடிந்ததும் "சவுரியண்ணே" என்றான். பதில் இல்லை. "சவுரியண்ணே." லைன் திறந்தேதான் இருந்தது. யாரோ காதோடு வைத்துக்கொண்டிருந்தால் வருமே, அந்த அடைத்த மௌனம். ஆபீஸ் அறையில் வாசனை வந்தது. வெடிமருந்து. நனைந்த கல்தூள். அவன் சட்டையை முகர்ந்தான். சட்டையிலும் அதுதான்.

"அந்தப் பெட்டி தானாவே எடுக்கும்னு நீயே சொன்ன," என்றேன்.

இதற்கு முனாபே பதில் சொன்னான். "எடுக்குங்க. ஆனா பெட்டி ஓஞ்சதும் அங்க ஆளு கையால ரிசீவர எடுக்கோணும். இல்லீன்னா லைன் அறுந்துடும். எடுத்தாங்க."

மணி பத்து. இண்டூர் ரோடு. முன்னால் வண்டி இல்லை, பின்னால் வண்டி இல்லை. மொபெட் விளக்கு நாலு முழத்துக்கு மேல் எட்டவில்லை. ரோட்டோரத்து டெலிபோன் கம்பங்கள் ஒவ்வொன்றாக வந்துபோயின. முனாபுக்குப் பயமாக இல்லையாம். ஒன்றுமே தோன்றவில்லையாம். கையும் காலும் தன்னுடையது இல்லாத மாதிரி, யாரோ வண்டியை ஓட்ட, தான் உட்கார்ந்துபோவது மாதிரி இருந்ததாம்.

இண்டூர் அறை வெளியே பூட்டியிருந்தது. பூட்டின் மேல் மழைத் தண்ணீர் நின்றது. முனாபிடம் ஒரு சாவி உண்டு. திறந்தான். சவுரியப்பன் இல்லை. அவர் காலையிலேயே யாரிடமும் சொல்லாமல் சேலத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டார் என்பது மறுநாள்தான் தெரிந்தது.

ரிசீவர் மேஜைமேல் கழற்றி வைத்தபடி கிடந்தது. பேசுகிற பக்கம் நொறுங்கியிருந்தது. பென்சிலால் தட்டினால் அப்படி நொறுங்காது.

அச்சான காகிதம் மடிப்பு மடிப்பாகத் தரையில் விழுந்திருந்தது. முனாப் டார்ச் அடித்துப் பார்த்தான். நூற்று நாற்பத்து மூன்று வரி. எண்பத்தேழு, மாது. புதன் வந்தான் என்று குறி. வியாழன் வந்தான். வெள்ளி. சனி. ஞாயிற்றுக்கிழமை குவாரிக்கு லீவு, எல்லாருக்கும் அந்த இடம் காலி. மாதுவுக்கு மட்டும் அன்றைக்கும் வருகை. திங்கள். செவ்வாய்.

கம்ப்யூட்டரைப் போட்டுப் பார்த்தான். அதில் நூற்று நாற்பத்திரண்டு பேர்தான். மாது இல்லை. காகிதத்தில் மட்டும் இருந்தான்.

காகிதத்தைக் கிழித்து மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். கதவைப் பூட்டினான். திரும்பி வந்து வீட்டில் படுத்துத் தூங்கினான். நன்றாகத் தூங்கினானாம்.

காலையில் ஆஸ்பெஸ்டாஸ் நிழலில் குள்ளம்மாள் நின்றுகொண்டிருந்தாள். முனாப் காகிதத்தை அவள் கையில் கொடுத்தான். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அந்த வரியில் விரலை வைத்துக் காட்டினான்.

"இது உங்க வூட்டுக்காரரு பேரு."

"புதன்கெழம வந்தாரா?"

"வந்தாரு."

அவள் விரல் அந்த வரியிலேயே நகர்ந்தது. குறிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போய்க் கடைசியில் நின்றது.

"இது என்னைக்கு?"

"நேத்து."

"நேத்தும் வந்தாரா?"

"ம்."

அவள் தலையை ஆட்டினாள். காகிதத்தை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.

விசாரிக்க வந்தவர்களிடமே கொண்டுபோய்க் கொடுத்தாள். காகிதத்தின் தலையில் கம்பெனி பெயர், தேதி எல்லாம் இருந்தது. அவர்கள் புதன்கிழமையை மட்டும் பார்த்தார்கள். மற்ற நாட்களை ஒருவரும் பார்க்கவில்லை. காகிதம் வெளியே போனது ஓடிப்போன சவுரியப்பன் வேலை என்று கம்பெனியில் நினைத்துக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை கிரேன் வந்தது. சங்கிலி போட்டுக் கல்லைத் தூக்கினார்கள். மாது கிடந்தான். பார்த்த டாக்டர், புதன்கிழமை கல் விழுந்த அந்த நிமிஷமே உயிர் போய்விட்டது என்று எழுதினார்.

நூர் பாஷா என்னைப் பார்த்தான். "கேட்டியாண்ணா? அந்த நிமிசமே."

"டாக்டரு எழுதறதெல்லாம் நெசமா?" என்றேன்.

குள்ளம்மாள் புருஷனை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அவள் கேட்டது கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு கிரேன்காரன் சங்கிலியை எடுக்க இறங்கினான். மாது கிடந்த இடத்துக்குக் கீழே, பழைய கல் சில்லுக்கு அடியில், இன்னொரு ஆள். எலும்பு. பல வருஷத்து எலும்பு. கால் விரல் எலும்பில் மெட்டி.

அந்தக் குவாரியில் சில்லு அள்ளுவதற்குப் பெண்களும் வேலை செய்தார்கள். யார் என்று கேட்டார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த மாதிரி ஒரு பெண் காணாமல் போனாள் என்று யாரும் சொல்லவில்லை. யாரும் தேடியும் வரவில்லை.

நூர் பாஷா அதோடு நிறுத்திவிட்டான்.

"அப்புறம்?" என்றான் அல்போன்ஸ். குரல் இறங்கியிருந்தது.

முனாப் உப்புத்தாளைக் கீழே வைத்தான்.

"அப்புறம் ஒண்ணும் இல்லீங்க. இண்டூருக்குப் புதுசா ஒருத்தரப் போட்டாங்க. அவரு வாயாலயே சரின்னு சொல்லுவாரு. அன்னைக்கு ராத்திரி படிச்சேன். எம்பத்தாறுக்கு அப்புறம் தட்டு வரல. மாது போயிட்டாரு." டியூபில் ஒட்டியிருந்த தூளை ஊதினான். "ஆனா மெட்டி போட்டிருந்த அந்தம்மா பேரு எந்தப் பட்டியல்லயும் இருந்ததில்லீங்க. எடுக்கறதுக்கே இருந்ததில்ல. எந்தப் பேருக்கும் எந்தப் பேருக்கும் நடுவுல அவங்க எடம்னு எனக்குத் தெரியாது. அதனால ஒவ்வொரு பேருக்கு அப்புறமும் கொஞ்சம் நிறுத்துனேன். அறுபது எண்ற அளவுக்கு."

"எதுக்கு?"

"யாராச்சும் இருந்தா..."

பட்டியல் முடிய நடுராத்திரி ஆகும். இண்டூர்க்காரன், இவன் போனிலேயே தூங்கிவிடுகிறான் என்று மேனேஜரிடம் சொன்னான். இருபது நாளில் முனாபை நிறுத்திவிட்டார்கள்.

எனக்கு எரிச்சலாக இருந்தது.

"செரி, நிறுத்தி நிறுத்திப் படிச்ச. ஏதாச்சும் தட்டுச்சா?"

முனாப் டியூபை எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினான். எங்கிருந்து குமிழி வருகிறது என்று பார்த்தபடியே சொன்னான்.

"எத்தனன்னு கேளுங்க."

நான் கேட்கவில்லை. எழுந்தேன். துண்டை உதறித் தலையில் போட்டுக்கொண்டேன்.

"லைன் கெட்டுருக்கும்," என்றேன். "மழக் காலத்துல எல்லாக் கம்பியும் எரையும். டெலிபோனு போட்ட காலத்துல இருந்து அப்பிடித்தான்."

ரோட்டில் இறங்கி வீட்டைப் பார்த்து நடந்தேன். பின்னால் அல்போன்ஸ் கேட்டுவிட்டான். முனாப் ஒரு எண்ணைச் சொன்னான். எனக்குக் காது கொஞ்சம் மந்தம், அதுவும் அப்போது ஒரு லாரி போனது. சரியாக விழவில்லை என்றுதான் வைத்திருக்கிறேன். அவ்வளவு பேரை ஒரு குவாரி விழுங்கியிருந்தால் இத்தனை நாள் ஊருக்குத் தெரியாமலா இருக்கும்?

லைன்தான் கெட்டிருக்கும். திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.